முப்பது கோட்டு முகம்

லிஃப்ட்காரர்: ஆடாம உக்காரு.

கண்ணாடிக்காரி: நான் ஆடலை. உங்க டிவிதான் ஆடுது.

லிஃப்ட்காரர்: நீ சிரிக்கிறே. சிரிச்சா தோள் குலுங்குது. தோள் குலுங்கினா படமும் குலுங்குது.

கண்ணாடிக்காரி: ஜன்னலுக்கெல்லாம் போர்வையைக் கட்டி, சாயந்தரம் நாலு மணிக்கு வீட்டை இருட்டாக்கி, கட்டின பொண்டாட்டியை ஒரு கறுப்புப் பலகைக்கு முன்னாடி ஸ்டூல் போட்டு உக்கார வெச்சிருக்கீங்க. சிரிக்காம என்ன பண்றது?

லிஃப்ட்காரர்: மாஸ்க்கைக் கழட்டிட்டியா?

கண்ணாடிக்காரி: ...ம்.

லிஃப்ட்காரர்: நிஜமா?

கண்ணாடிக்காரி: கழட்டிட்டேங்க. வேணும்னா எட்டிப் பாருங்க... வேண்டாம், பாக்காதீங்க.

லிஃப்ட்காரர்: பாக்கலை. பலகைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. பேசி வெச்ச பேச்சுதான். மோட்டார் போடுறேன்.

கண்ணாடிக்காரி: மெதுவா. நேத்து போட்டப்ப மேஜை மேல இருந்த டம்ளர் தானா நடந்து போய் விழுந்துச்சு.

லிஃப்ட்காரர்: இன்னைக்கு அடியில ரப்பர் வெச்சிருக்கேன். லிஃப்ட் மோட்டாருக்கு வெக்கிற அதே ரப்பர்.

கண்ணாடிக்காரி: கம்பெனி சாமானா?

லிஃப்ட்காரர்: தேஞ்சு போச்சுன்னு தூக்கிப் போட்டது. ஊரே தூக்கிப் போடுறதுதான் எனக்கு ஆகும்.

கண்ணாடிக்காரி: அது தெரிஞ்ச கதைதானே. வாஷிங் மெஷின் தகடை வட்டமா வெட்டி ஓட்டை போட்டு டிவிங்கிறீங்க. ஊர்ல அவனவன் சுவர் அளவுக்கு டிவி வாங்கி மாட்டுறான். நீங்க தீப்பெட்டி அளவுல ஒண்ணு செய்யிறீங்க. அதுல தெரியிற ஒரே நிகழ்ச்சி நான்.

லிஃப்ட்காரர்: தட்டைக் கேவலமா பேசாதே. டிவின்னு ஒண்ணு முதன்முதலா வந்தப்ப இப்படித்தான் வந்துச்சு. முப்பது ஓட்டை, முப்பது கோடு, செகண்டுக்குப் பன்னிரண்டரை சுத்து.

கண்ணாடிக்காரி: அது என்ன அரை?

லிஃப்ட்காரர்: அந்தக் காலத்து ஆளுங்க வெச்ச கணக்கு.

கண்ணாடிக்காரி: பதிமூணா வெச்சுட்டா யார் கேக்கப் போறாங்க?

லிஃப்ட்காரர்: நான் கேப்பேன். சரி, விளக்கு போடுறேன். கண்ணைச் சிமிட்டாம ஒரு நிமிஷம்...

கண்ணாடிக்காரி: வந்துடுச்சு. அந்த வெளிச்சப் புள்ளி.

லிஃப்ட்காரர்: எங்க இருக்கு இப்ப?

கண்ணாடிக்காரி: எங்கன்னு சொல்றது? மோவாய்லேர்ந்து நெத்தி வரைக்கும் ஓடுது. திரும்ப மோவாய், திரும்ப நெத்தி. முகம் பூரா யாரோ விரலால தடவி விடுற மாதிரி இருக்கு.

லிஃப்ட்காரர்: ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கோடு இழுக்கும். முப்பது கோடு சேந்தா ஒரு முகம்... நில்லு, நில்லு... அதோ. படம் நின்னுடுச்சு.

கண்ணாடிக்காரி: எப்படி இருக்கு?

லிஃப்ட்காரர்: ரெண்டு விரல் அகலம். ஆரஞ்சு கலர். நடுவுல ஒரு முகம்.

கண்ணாடிக்காரி: யார் முகம்னு தெரியுதா?

லிஃப்ட்காரர்: பத்தொம்பது வருஷமா பாக்குற முகம். தெரியாதா?

கண்ணாடிக்காரி: பாத்தீங்களா? பத்தொம்பது வருஷமா?

லிஃப்ட்காரர்: இரு, இந்த ஸ்க்ரூவை முறுக்கிக்கிறேன்.

கண்ணாடிக்காரி: சும்மா கேட்டேன். வேலையைப் பாருங்க.

லிஃப்ட்காரர்: ட்யூன் பண்ணணும். 'ஆ' சொல்லு.

கண்ணாடிக்காரி: ஆ...

லிஃப்ட்காரர்: 'ஈ'. பல்லு தெரியணும்.

கண்ணாடிக்காரி: ஈ...

லிஃப்ட்காரர்: 'ஊ'. உதட்டைக் குவிச்சு. இழுத்துப் பிடி. பத்து எண்ணுற வரைக்கும்.

கண்ணாடிக்காரி: ஊ... ஏங்க, அந்தக் காலத்துலயும் டிவி ட்யூன் பண்றதுக்கு இப்படித்தான் ஊளையிட்டாங்களா?

லிஃப்ட்காரர்: பின்னே? இப்ப ரெண்டு கன்னத்தையும் உப்பு. காத்து வெளிய போகக் கூடாது.

கண்ணாடிக்காரி: ...

லிஃப்ட்காரர்: போதும், விடு. மூச்சு விட்டுக்கோ.

கண்ணாடிக்காரி: கோணல் தெரியுதா?

லிஃப்ட்காரர்: தினமும் இதைக் கேக்குறே.

கண்ணாடிக்காரி: தினமும் சொல்லுங்களேன்.

லிஃப்ட்காரர்: முப்பது கோட்டுல உன் வாய்க்குக் கிடைக்கிறது எட்டோ ஒம்பதோதான். வாய்னு ஒண்ணு இருக்குன்னு இதுக்குத் தெரியும். அது எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தெரியாது.

கண்ணாடிக்காரி: நல்ல டிவி.

லிஃப்ட்காரர்: அதுக்குத்தானே...

கண்ணாடிக்காரி: எதுக்கு?

லிஃப்ட்காரர்: ஒண்ணுமில்லை. அதனாலதானே ஜனங்க இதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போனாங்கன்னு சொல்ல வந்தேன்.

கண்ணாடிக்காரி: பொண்ணு ஹாஸ்டல்லேர்ந்து கூப்பிட்டா மதியம்.

லிஃப்ட்காரர்: வீடியோவுலயா?

கண்ணாடிக்காரி: ஆமா.

லிஃப்ட்காரர்: நீ வழக்கம் போல சீலிங் ஃபேனைக் காட்டினியா?

கண்ணாடிக்காரி: ஃபேன் தூசியா இருக்கும்மா, துடைக்கச் சொல்லு அப்பாவைன்னா. நாலு மாசமா எனக்கு அம்மா அந்த ஃபேன்தான்னா. சிரிச்சேன். சிரிச்சு முடிச்சதும் அவ அழுதா.

லிஃப்ட்காரர்: காட்டியிருக்கலாம் இல்ல?

கண்ணாடிக்காரி: நீங்க சுலபமா சொல்லிடுவீங்க. ஒருநாள் காலைல வாய் கொப்பளிக்கிறேன், பாதித் தண்ணி சட்டையில ஒழுகுது. நிமிந்து பாத்தா கண்ணாடில வேற எவளோ நிக்கிறா. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவ. டாக்டர் முகவாதம்னு ஒரு பேரைச் சொல்லிட்டு, தானா சரியாகும், சிலருக்கு ஆகாதுன்னு எழுந்து போயிட்டார். அந்தச் சிலர்ல நான் இருந்தா?

லிஃப்ட்காரர்: இருந்தா என்ன?

கண்ணாடிக்காரி: இருந்தா என்னவா? என் தொழில் என்ன? கண்ணாடிக் கடைல ஸ்டூல் போட்டு உக்காந்து, வர்றவங்க மூஞ்சிக்கு ஃப்ரேம் மாட்டி விடுறது. ஒருத்தர் மூஞ்சியை ஒரு அடி தூரத்துல பாக்கணும். அவங்க என் மூஞ்சியைப் பாப்பாங்க.

லிஃப்ட்காரர்: சரி, விடு. மனசைப் போட்டுக் குழப்பிக்காதே... அய்யோ.

கண்ணாடிக்காரி: என்ன?

லிஃப்ட்காரர்: ஒரு கோடு விட்டுப் போச்சு. கறுப்பா தெரியுது.

கண்ணாடிக்காரி: மறுபடியுமா? நேத்து கண்டென்சர்னீங்க. முந்தாநாள் பல்பு. அதுக்கு முன்னாடி ஏதோ ஒயர்.

லிஃப்ட்காரர்: இன்னைக்கும் ஒயர்தான். சால்டர் விட்டிருக்கு.

கண்ணாடிக்காரி: கைராசிக்காரர்தான். முப்பத்திரெண்டு மாடிக் கட்டடத்துல லிஃப்ட் நின்னா அரை மணில ஓட வெக்கிறீங்க. வீட்டுல ஒரு தீப்பெட்டி மூணு மாசமா முடியலை.

லிஃப்ட்காரர்: லிஃப்ட்டுக்குப் புத்தகம் இருக்கு. இதுக்கு நான்தான் புத்தகம். அந்த ஸ்பீக்கரைப் போடு, கையைக் கொஞ்சம் நீட்டு, வலது பக்கம் சுவிட்ச்.

கண்ணாடிக்காரி: ஆரம்பிச்சுட்டீங்களா... கொய்ய்ய்னு. மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு.

லிஃப்ட்காரர்: அது உன் முகம்.

கண்ணாடிக்காரி: என் முகம் மாவு மில்லா?

லிஃப்ட்காரர்: வெளிச்சம் உன் மேல பட்டுத் திரும்புதில்ல, அதைக் கரண்டா மாத்தி விளக்குக்கு அனுப்பினா படம். அதையே ஸ்பீக்கருக்கு அனுப்பினா சத்தம். கையில சால்டர் கம்பி இருக்கும்போது கண்ணு அங்க போக முடியாது. அதான் காதுக்கு ஒரு வேலை குடுத்திருக்கேன்.

கண்ணாடிக்காரி: காதால என்ன தெரியும்?

லிஃப்ட்காரர்: லிஃப்ட்ல ஏறினா எந்த மாடிக்குப் பக்கத்துல ரோலர் தேஞ்சிருக்குன்னு சத்தத்துலயே சொல்லிடுவேன். தலையைத் திருப்பு... பாரு, சத்தம் இறங்குது. நேரா வா. ஏறுது. சிரி.

கண்ணாடிக்காரி: சொன்னா சிரிப்பு வருமா?

லிஃப்ட்காரர்: வந்துடுச்சு. கேட்டுடுச்சு எனக்கு.

கண்ணாடிக்காரி: ...உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா?

லிஃப்ட்காரர்: சொல்லு.

கண்ணாடிக்காரி: இந்த ரூமுக்குக் கதவு இருக்குங்கிறதையே நான் மறந்துட்டேன். முன்னெல்லாம் வேலைலேர்ந்து வருவீங்க, காபியை எடுத்துக்கிட்டு உள்ள போவீங்க, டப்புனு சாத்துவீங்க. எத்தனை வருஷம். கதவுக்கு வெளிய நின்னு, சாப்பாடு எடுத்து வெக்கட்டான்னு கேப்பேன். ம்-னு வரும். அந்த ம்-ஐ வெச்சே நீங்க எந்த மூடுல இருக்கீங்கன்னு கண்டுபிடிப்பேன்.

லிஃப்ட்காரர்: நீயும் சத்தத்தை வெச்சுத்தான் ஓட்டியிருக்கே.

கண்ணாடிக்காரி: ஜோக்கடிக்காதீங்க. நீங்க எனக்கு முகம் குடுத்துப் பேசினதே, நான் முகத்தை மூடினதுக்கு அப்புறம்தான்.

லிஃப்ட்காரர்: ...பெல் அடிக்குது.

கண்ணாடிக்காரி: யாரா இருந்தாலும் நான் தூங்குறேன்னு சொல்லுங்க.

லிஃப்ட்காரர்: நாலு மணிக்கா?

கண்ணாடிக்காரி: காய்ச்சல்னு சொல்லுங்க... மாஸ்க் எங்க? இருட்டுல எங்க வெச்சேன்... ஏங்க, மாஸ்க் எங்க?

லிஃப்ட்காரர்: இரு, பதறாதே. மோட்டார் ஓடட்டும், அதுல கை பட்டுடப் போகுது. நான் போய்ப் பாக்குறேன்.

கடையம்மா: என்ன தம்பி, பட்டப்பகல்ல வீடே இருட்டிக் கிடக்கு? கரண்ட் இல்லையா?

லிஃப்ட்காரர்: இருக்கு மேடம். வாங்க. வெளிச்சம் பட்டா படம் தெரியாது, அதான்... பாத்து வாங்க, காலடியில ஒயர்.

கடையம்மா: எங்க அவ? ரெண்டு நாளா போன் எடுக்கலை. கடையைச் சாத்திட்டா ஓடி வர முடியும்? பாதில விட்டுட்டு வந்திருக்கேன்.

கண்ணாடிக்காரி: மேடம், அங்கயே நில்லுங்க. பலகைக்கு இந்தப் பக்கம் வராதீங்க.

கடையம்மா: வரலைம்மா. குரலைக் கேட்டாச்சே, போதும். எப்படி இருக்கு இப்ப?

கண்ணாடிக்காரி: இன்னும்... சரியாகலை மேடம்.

கடையம்மா: புதுசா வந்த பொண்ணைப் பத்திச் சொல்லணுமே. எந்த ஃப்ரேமைப் போட்டாலும், சூப்பரா இருக்கு சார்ங்குது. எல்லாமே சூப்பர். நேத்து ஒரு பெரியவர் கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டார். அந்தம்மா எங்க, இதைப் போட்டா ஆந்தை மாதிரி இருக்கீங்கன்னு நேரா சொல்லுமே, அது எங்கன்னு கேட்டார்.

கண்ணாடிக்காரி: நான் ஆந்தைன்னு சொல்லலை மேடம். கோட்டான்னுதான் சொன்னேன்.

கடையம்மா: அதைத்தான் தேடுறாங்க எல்லாரும்.

கண்ணாடிக்காரி: நம்ம கடைல நாப்பத்தொரு கண்ணாடி இருக்கு மேடம். மாட்டுற கண்ணாடியைச் சொல்லலை, பாக்குற கண்ணாடி. எண்ணி வெச்சிருக்கேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் நிப்பேன். ஒண்ணு ரெண்டு இல்ல, நாப்பத்தொண்ணு.

கடையம்மா: புரியுதும்மா. புரியாம இல்ல. ஆனா நான் போன வாரம் போன்ல சொன்னதுதான். நாலு மாசம் அந்த ஸ்டூலை யாருக்கும் குடுக்காம வெச்சேன். இனிமே முடியாது. திங்கக்கிழமை பத்து மணிக்கு நீ வந்தா அது உன் ஸ்டூல். வரலைன்னா அந்தப் பொண்ணுக்குத்தான். உனக்குப் பின்னாடி லென்ஸ் அரைக்கிற ரூம். சம்பளம் அதேதான். அங்க கண்ணாடியும் கிடையாது, பேச ஆளும் கிடையாது.

லிஃப்ட்காரர்: போன வாரமே சொன்னீங்களா?

கடையம்மா: உங்ககிட்ட சொல்லலையா தம்பி அவ?

லிஃப்ட்காரர்: ...சொன்னா. மறந்துட்டேன்.

கடையம்மா: இது என்னது, தகடு இந்தச் சுத்து சுத்துது?

லிஃப்ட்காரர்: டிவி மேடம். அந்தப் பக்கம் கேமரா, இந்தப் பக்கம் படம், ரெண்டுக்கும் ஒரே தட்டு.

கடையம்மா: இதுல என்ன தெரியும்?

லிஃப்ட்காரர்: கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. ஒரு கண்ணை மூடிக்குங்க. தட்டோட மேல்பக்கம்...

கண்ணாடிக்காரி: ஏங்க. ஏங்க, அவங்க பாக்குறாங்களா?

கடையம்மா: ஏதோ தணல் மாதிரி மினுக்கு மினுக்குனு... ஒண்ணும் புரியலையே... அட. மூக்கு. நம்ம பொண்ணு மூக்கு.

கண்ணாடிக்காரி: மேடம், போதும்.

கடையம்மா: சும்மா இரும்மா. நாலு மாசம் கழிச்சு இப்பத்தான் பாக்குறேன். இளைச்சுட்டியா? இல்ல டிவியே ஒல்லியா?

லிஃப்ட்காரர்: டிவிதான் ஒல்லி மேடம்.

கடையம்மா: சிரிக்கிறியா அழுறியா?

கண்ணாடிக்காரி: தெரியலையா?

கடையம்மா: தெரியலை. உனக்காவது தெரியுதா?

கண்ணாடிக்காரி: எனக்கும் தெரியலை மேடம்.

கடையம்மா: ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கிளம்புறேன். முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். உன் வாய் எந்தப் பக்கம் இருக்குன்னு பாக்க எவனும் நம்ம கடைக்கு வர்றதில்லை. அவனவன் மூஞ்சியைப் பாக்கத்தான் வர்றான். வர்றேன் தம்பி. அந்த ஒயரை ஓரமா விடுங்க, யாராவது விழுந்து தொலைக்கப் போறாங்க.

லிஃப்ட்காரர்: வாங்க மேடம்... பாத்துப் போங்க...

கண்ணாடிக்காரி: போயிட்டாங்களா?

லிஃப்ட்காரர்: போயிட்டாங்க.

கண்ணாடிக்காரி: கதவைச் சாத்தினீங்களா?

லிஃப்ட்காரர்: சாத்தினேன்.

கண்ணாடிக்காரி: கோவமா?

லிஃப்ட்காரர்: போன வாரமே சொல்லியிருக்காங்க. என்கிட்ட ஒரு வார்த்தை இல்லை.

கண்ணாடிக்காரி: சொல்லி என்ன ஆகப் போகுது?

லிஃப்ட்காரர்: அந்த ஸ்டூல் உனக்கு எவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியும். ராத்திரி சாப்பிடும்போது, இன்னைக்கு ஒருத்தர் வந்தார், நாடி அகலம், காது இறக்கம்னு ஒவ்வொரு மூஞ்சியா நீ சொல்லுவே.

கண்ணாடிக்காரி: நீங்க கேட்டீங்களா அதையெல்லாம்?

லிஃப்ட்காரர்: ம்-னு சொன்னேன் இல்ல.

கண்ணாடிக்காரி: லென்ஸ் அரைக்கிற ரூமும் ரூம்தானே. இருட்டுல உக்காந்து பழகிடுச்சு. காலைல அங்க இருட்டு, சாயந்தரம் இங்க இருட்டு. நான் திங்கக்கிழமை அங்கயே போயிடுறேன்.

லிஃப்ட்காரர்: அப்படியா?

கண்ணாடிக்காரி: ஆமா. நீங்க அந்த ஒயரை சால்டர் பண்ணுங்க. எந்தக் கோடு விட்டுப் போச்சுன்னீங்க?

லிஃப்ட்காரர்: பண்ணிட்டேன்.

கண்ணாடிக்காரி: எப்ப?

லிஃப்ட்காரர்: இப்பத்தான். நீ பேசிக்கிட்டு இருக்கும்போது. முடிஞ்சுது.

கண்ணாடிக்காரி: என்ன முடிஞ்சுது?

லிஃப்ட்காரர்: டிவி. முழுசா முடிஞ்சுது. முப்பது கோடும் வருது, ஆட்டம் இல்லை, புள்ளி இல்லை. இனிமே இதுல பாக்க வேண்டியது ஒண்ணும் இல்லை.

கண்ணாடிக்காரி: ...அது எப்படி? பத்து நிமிஷம் முன்னாடி கறுப்புக் கோடுன்னீங்க.

லிஃப்ட்காரர்: சரியாயிடுச்சு.

கண்ணாடிக்காரி: ஆடுதே. நான்தான் முதல்லயே சொன்னேனே ஆடுதுன்னு.

லிஃப்ட்காரர்: ஆடலை.

கண்ணாடிக்காரி: மோட்டார் சத்தம் ஒரு மாதிரி இருக்கு. நல்லா கேளுங்க.

லிஃப்ட்காரர்: நல்லாத்தான் இருக்கு. நாளைலேர்ந்து ஜன்னல் போர்வையைக் கழட்டிடலாம்.

கண்ணாடிக்காரி: அவ்வளவுதானா?

லிஃப்ட்காரர்: அவ்வளவுதான்.

கண்ணாடிக்காரி: ஏங்க... இந்த முப்பது கோட்டுக்கு அப்புறம் ஜனங்க அடுத்ததுக்குப் போனாங்கன்னு சொன்னீங்களே. அடுத்தது எது?

லிஃப்ட்காரர்: ஒவ்வொரு தேசத்துல ஒவ்வொண்ணு. நாப்பத்தெட்டு, அறுபது, நூத்தியெண்பது. அப்புறம் நானூத்தி அஞ்சு. ஒரு இடத்துல எண்ணூத்திப் பத்தொம்பது கூட இருந்துச்சு. எல்லாம் செத்துப் போச்சு.

கண்ணாடிக்காரி: எண்ணூத்திப் பத்தொம்பதுல வாய் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடும் இல்ல?

லிஃப்ட்காரர்: ஒவ்வொரு முடியும் தெரியும்.

கண்ணாடிக்காரி: அறுபதுல?

லிஃப்ட்காரர்: கொஞ்சம் தெரியும்.

கண்ணாடிக்காரி: அறுபது செய்ய எத்தனை நாள் ஆகும்?

லிஃப்ட்காரர்: ஏன் கேக்குறே?

கண்ணாடிக்காரி: சும்மா. பொழுது போகணுமே... சரி, எழுந்து இங்க வாங்க. என் ஸ்டூல்ல உக்காருங்க. நான் அங்க வர்றேன்.

லிஃப்ட்காரர்: எதுக்கு?

கண்ணாடிக்காரி: மூணு மாசமா உக்காந்திருக்கேன், ஒருநாள் கூட நான் படத்தைப் பாக்கலை. முடிஞ்சுதுன்னா நான் பாக்க வேண்டாமா? இருட்டுலயே வாங்க, என் பக்கம் பாக்காம வாங்க. பலகையைச் சுத்தி அந்தப் பக்கமா... கையை விடுங்க, எனக்கு வழி தெரியும்.

லிஃப்ட்காரர்: உக்காந்துட்டேன். அப்பப்பா, கண்ணு கூசுது.

கண்ணாடிக்காரி: தினமும் எனக்கு இப்படித்தான் கூசுச்சு. பேசாம இருங்க. ஒரு கண்ணை மூடணுமா... எங்க... ஓ.

லிஃப்ட்காரர்: தெரியுதா?

கண்ணாடிக்காரி: தெரியுது. காது இவ்வளவு பெரிசா உங்களுக்கு?

லிஃப்ட்காரர்: கோடு கம்மி. காது பெரிசாத்தான் தெரியும்.

கண்ணாடிக்காரி: இல்லை, காது நிஜமாவே பெரிசு. உங்களுக்கு நான் எந்த ஃப்ரேமைப் போட்டாலும் நிக்காது. எவ்வளவு சின்ன படம்... கையில பிடிச்சு வெச்சுக்கலாம் போல இருக்கு. இதைத்தான் இத்தனை நாளா பாத்துக்கிட்டு இருந்தீங்களா?

லிஃப்ட்காரர்: இதைத்தான்.

கண்ணாடிக்காரி: 'ஊ' சொல்லுங்க.

லிஃப்ட்காரர்: நான் எதுக்கு?

கண்ணாடிக்காரி: ட்யூன் பண்றேன். சொல்லுங்க. ஆ, ஈ, ஊ, அப்புறம் கன்னம் உப்பணும், பத்து எண்ணணும். டாக்டர் குடுத்த தாள்ல இருந்த அதே வரிசை. ஒண்ணு கூட முன்ன பின்ன மாறலை.

லிஃப்ட்காரர்: எந்தத் தாள்?

கண்ணாடிக்காரி: கண்ணாடி முன்னாடி நின்னு செய்யணும்னு போட்டிருந்துச்சுன்னு கிழிச்சுக் கூடைல போட்டேன். மறுநாள் கூடைல மத்ததெல்லாம் இருந்துச்சு, அது மட்டும் இல்லை. அதுக்கப்புறம் நாலு நாள்ல உங்களுக்கு டிவி ட்யூன் பண்ண ஆள் தேவைப்பட்டுச்சு.

லிஃப்ட்காரர்: தெரிஞ்சேதான் ஊளையிட்டியா?

கண்ணாடிக்காரி: முதல் நாளே தெரியும்.

லிஃப்ட்காரர்: சொல்லவே இல்லையே.

கண்ணாடிக்காரி: நீங்க மட்டும் சொன்னீங்களா? கையை எடுங்க முகத்துலேர்ந்து. படம் மறைக்குது... கண்ணைத் துடைக்கிறீங்களா?

லிஃப்ட்காரர்: கூசுதுன்னு சொன்னேன் இல்ல.

கண்ணாடிக்காரி: திங்கக்கிழமை நான் போறேன்.

லிஃப்ட்காரர்: லென்ஸ் அரைக்கிற ரூமுக்கா?

கண்ணாடிக்காரி: ஸ்டூலுக்கு. மாஸ்க் இல்லாம. ஆனா ஒண்ணு கேக்கணும். நேரா உங்களைப் பாத்துக் கேக்க வராது. இப்படி ரெண்டு விரல் அகலத்துல இருக்கும்போதே கேட்டுடுறேன்.

லிஃப்ட்காரர்: கேளு.

கண்ணாடிக்காரி: முகம் சரியானாலும்... இந்தக் கதவு திறந்தே இருக்குமா?

லிஃப்ட்காரர்: ...

கண்ணாடிக்காரி: தலையாட்டினா இதுல எதுவும் புரியலை. வாயைத் திறந்து சொல்லுங்க.

லிஃப்ட்காரர்: இருக்கும்.

கண்ணாடிக்காரி: கதவையே கழட்டிடுவீங்களா?

லிஃப்ட்காரர்: இன்னைக்கே கழட்டுறேன். ஸ்க்ரூடிரைவர் உன் கைக்குப் பக்கத்துலதான் இருக்கு.

கண்ணாடிக்காரி: அப்ப ஒண்ணு சொல்றேன். திட்டக் கூடாது... என் வாய் சரியாகி இன்னையோட இருபத்திரெண்டு நாள் ஆச்சு. வெள்ளிக்கிழமை காலைல கொப்பளிக்கிறேன், ஒரு சொட்டு கூட ஒழுகலை. சுவரைப் பாக்க வெச்சிருந்த கண்ணாடியை நானே திருப்பிப் பாத்தேன். நேரா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லலை. பொண்ணு அழுதா, அப்பவும் சொல்லலை. சரியாயிடுச்சுன்னு தெரிஞ்சா நீங்க என்னை வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்திப்பீங்கன்னு பயம். ஸ்டூல் போனாலும் போகட்டும், சாயந்தரம் நாலு மணி போகக் கூடாதுன்னு இருந்தேன். அதான் இருபத்திரெண்டு நாளா மாஸ்க்கை மாட்டிக்கிட்டு உங்களை ஏமாத்திக்கிட்டு இருக்கேன். இப்பத் திட்டுங்க.

லிஃப்ட்காரர்: இருபத்திநாலு.

கண்ணாடிக்காரி: என்ன?

லிஃப்ட்காரர்: இருபத்திநாலு நாள். அந்தப் புதன்கிழமை சாயந்தரம் நீ 'ஊ' சொன்னப்பவே ஸ்பீக்கர் சத்தத்துல உன் கோணல் வாயால இருந்த நொண்டல் நின்னு போச்சு. டிவியும் அன்னைக்கே முடிஞ்சுடுச்சு. மறுநாள்லேர்ந்து தினமும், நீ வந்து உக்கார்றதுக்கு முன்னாடி, நான்தான் ஒரு ஒயரைப் பிடுங்கி வெக்கிறேன்.